காசுக்கு வயசாகாது

2025 டிசம்பரில் பால்டிமோரின் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸ், முதல் பேஸில் நின்று ஆடும் பீட் அலோன்ஸோவை 5 ஆண்டுக்கு, 155 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. செய்தி வந்த பத்தாவது நிமிடம், எலிகாட் சிட்டியில் இருக்கும் மதுரைக்கார அண்ணனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "மறுபடியும் முதல் பேஸா தம்பி? மொதல்ல 2037 முடியட்டும்." சிரித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. 2016 ஜனவரியில் இதே அணி, இதே முதல் பேஸுக்கு, இதே ஏஜென்ட் ஸ்காட் போராஸிடம் பேரம் பேசி கிறிஸ் டேவிஸுக்கு 7 ஆண்டு, 161 மில்லியன் டாலர் ஒப்பந்தம் (அந்தக் காசு 2037 வரை போகும்) எழுதியபோது துள்ளிக் குதித்தவன் நான். அந்தக் குதி நியாயமானதுதானா என்று பத்து வருடமாக எனக்குள் ஒரு வழக்கு நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

வழக்கு டேவிஸ் என்ற ஒரு மனிதரைப் பற்றியது மட்டுமல்ல. அலை அலையாக அடிப்பவர்கள் என்று ஒரு ஜாதி உண்டு. மூன்று வாரம் தொட்டதெல்லாம் ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி வேலி தாண்டும் அடி. அடுத்த மூன்று வாரம் மட்டையில் பந்து பட்டாலே பெரிய விஷயம். ஊரில் அம்மா மழையைப் பற்றிச் சொல்வதைத்தான் இவர்களுக்கும் சொல்ல வேண்டும்: பேஞ்சும் கெடுக்கும், காஞ்சும் கெடுக்கும். பேஸ்பாலில் இவர்கள் பேய்ந்து கெடுப்பது எதிரணியை, காய்ந்து கெடுப்பது சொந்த அணியை. இப்படி ஒருவருடன் ஐந்து வருடம், ஏழு வருடம் என்று கையெழுத்துப் போடலாமா? கிரிக்கெட்டில் 'ஃபார்ம் போச்சு' என்றால் தேர்வுக் குழு தூக்கிவிடும், அதோடு முடிந்தது. பேஸ்பாலில் கையெழுத்துப் போட்ட தொகை முழுக்க உத்தரவாதம். ஆள் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஆடினாலும் வீட்டில் இருந்தாலும் காசு போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதனால்தான் கேள்விக்கு இவ்வளவு கனம்.

டேவிஸ் 2011 ஜூலையில் டெக்ஸஸிலிருந்து பால்டிமோருக்கு வந்தார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது அடுத்த வருடம் மே 6 அன்று, போஸ்டனின் ஃபென்வே பார்க்கில், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 17 இன்னிங்ஸ் வரை இழுத்த ஆட்டத்தில். அன்று அவர் 8 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பேஸ் போய்ச் சேர்வது) இல்லை, அதில் 5 முறை மூன்று ஸ்ட்ரைக் விழுந்து ஸ்ட்ரைக் அவுட். ஓரியோல்ஸிடம் பந்து வீசும் பிட்சர்கள் தீர்ந்துபோய், பந்தை டேவிஸ் கையில் கொடுத்தார்கள். மனிதர் இரண்டு இன்னிங்ஸ் வீசி, ஒரு ரன்னும் கொடுக்காமல், அந்த ஆட்டத்தின் வெற்றி பெற்ற பிட்சர் ஆகிவிட்டார். எட்டுக்கு பூஜ்யம் அடித்தவர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கிறார்! அன்றிலிருந்து அவர் எவ்வளவு மோசமாக ஆடினாலும் 'இரு, ஏதாவது செய்வார்' என்று ஒரு மூலையில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால் வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

2013-ல் சீசனின் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கொன்றாக ஹோம் ரன். சீசன் நடுவே வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்குள் 37. அமெரிக்கன் லீக்கில் ரெஜி ஜாக்ஸன் 1969-ல் வைத்த கணக்குக்குச் சமம். இடைவேளைக்குப் பின் 16 மட்டுமே. ஆனாலும் மொத்தம் 53. அந்த வருடம் அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை. 2014-ல் ஆவரேஜ் .196 என்று (ஆயிரம் முறை ஆடினால் 196 ஹிட் என்ற கணக்கு) சரிந்து, போதாக்குறைக்கு அனுமதி வாங்காமல் ஆடெரால் என்ற மருந்தை எடுத்ததற்காக 25 ஆட்டத் தடையும் வாங்கி, அணி பிளே-ஆஃப் ஆடியபோது வெளியே உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று நினைத்தால் 2015-ல் .262, 47 ஹோம் ரன், மறுபடியும் முதலிடம். 53, பிறகு பாதாளம், பிறகு 47. ஒப்பந்தம் பேசும் நேரத்தில் எங்கள் கண்முன் இருந்த படம் இதுதான்.

போனவர் வருவார்

2016 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இட்லி, குடல் குழம்போடு விவாதம் நடந்தது. அண்ணனுக்கு மேரிலாண்டில் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலை. நான் காப்பீட்டுக் கம்பெனியில் எண்களோடு மல்லுக்கட்டுபவன். என் கட்சி எளிமையானது: ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது, சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரு சீசன் 162 ஆட்டம். மே மாதம் அடித்த ஹோம் ரனுக்கும் ஆகஸ்ட் மாதம் அடித்த ஹோம் ரனுக்கும் மதிப்பு ஒன்றுதான். மாதம் ஏழாக நிதானமாக அடிப்பவரும், ஒரு மாதம் பதினான்கும் மறு மாதம் சும்மாவும் இருப்பவரும் வருடக் கடைசியில் ஒரே இடத்தில் நின்றால், அணிக்கு என்ன வித்தியாசம்? அதோடு 2014-ல் போனவர் 2015-ல் திரும்பி வந்ததை நாமே பார்த்தோம் என்றேன். போனவர் வருவார். அதுதான் அவர் சுபாவம்.

அண்ணன் ஒரு இட்லியைப் பிட்டுக்கொண்டே, "பாலம் ஆடுறது தப்பே இல்ல தம்பி. ஆடாத பாலம்னு ஒண்ணு கட்டவே முடியாது. ஆடிட்டு, பழைய எடத்துக்கே திரும்பி வருதான்னுதான் நாங்க பாப்போம்," என்றார். எனக்கு அன்று அது பதிலாகவே படவில்லை. அதைத்தானே நானும் சொல்கிறேன், திரும்பி வந்துவிட்டாரே என்று அடுத்த இட்லியைப் போட்டுக்கொண்டேன்.

தொகையைப் பற்றி ஒரு வார்த்தை, தொழில் புத்தி விடாது. 161 மில்லியனில் 42 மில்லியனை ஒத்திப்போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, 2037 வரை, வருடா வருடம் வட்டியில்லாமல். என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்து ஓரியோல்ஸ் கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகக் குதூகலித்தோம். இருபது வருடம் கழித்துக் கொடுக்கும் டாலர் இன்றைய டாலர் இல்லை அல்லவா. கணக்கு சரிதான். அந்த ஏழு வருடத்தில் ஆளும் அதே ஆளாக இருக்க மாட்டார் என்பதை மட்டும் அதே கணக்கில் சேர்க்கவில்லை. கையெழுத்தானபோது அவருக்கு 30 வயது ஆக இரண்டு மாதம் பாக்கி.

முதல் வருடம் 38 ஹோம் ரன் வந்தது, ஆவரேஜ் .221, ஸ்ட்ரைக் அவுட் 219. பரவாயில்லை. அடுத்த வருடம் 26, .215. சரி, இது காயும் வருடம், அடுத்து பேயும். எதிரணிகள் வலது பக்கம் மூன்று உள்வட்டக்காரர்களை நிறுத்தி, டேவிஸ் இழுத்து அடிக்கும் பந்தையெல்லாம் புல்வெளியில் வைத்தே வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி நிற்கவே கூடாது என்று விதி வந்தது 2023-ல்தான், அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து. மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, மட்டையைத் தோளில் வைத்தபடி திரும்பி நடப்பதும் அந்த வருடங்களில் அடிக்கடி கண்ணில் படத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது.

எக்ஸெல்லில் பூவா தலையா

2018 எப்படிப்பட்ட வருடம் என்றால், ஓரியோல்ஸ் 47 ஆட்டம் ஜெயித்து 115 ஆட்டம் தோற்றது. டேவிஸின் ஆவரேஜ் .168. நவீன பேஸ்பாலில், ஆவரேஜ் பட்டியலில் சேரத் தகுதி பெறும் அளவுக்கு ஆடிய எவரும் அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. 1991-ல் ராப் டியரும் 2013-ல் டான் அக்லாவும் .179-ல் நின்றவர்கள். அந்தக் கோடையில் ஒரு நாள் மகளை ஓரியோல்ஸின் சொந்த மைதானமான கேம்டன் யார்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு அப்போது 9 வயது. எதிரணி யார் என்பதுகூட மறந்துவிட்டது. தேசிய கீதத்தில் 'ஓ' என்று ஊரே கத்தும் இடத்தில் அவளும் தொண்டை கிழியக் கத்தினாள், அதற்காகவே வந்தவள் போல. வலது பக்கம் அந்தப் பழைய செங்கல் கிடங்கின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாதி இருக்கை காலி. டேவிஸ் ஆட வந்தார், மூன்று பந்து, நின்றபடி அவுட்.

சுற்றியிருந்தவர்கள் 'பூ' என்று கேலியாகக் கூவினார்கள். நானும் கூவினேன். வாயருகே கையைக் குவித்து, நன்றாகவே கூவினேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, அவர் வேணும்னே அவுட் ஆனாரா?" இல்லை என்றேன். "அப்ப அவருக்கு உடம்பு சரியில்லையா?" எனக்குத் தெரியவில்லை. "அப்ப ஏன் அவரை ஆட விடறாங்க?" அதற்குப் பதில் 23 மில்லியன் டாலர். ஒன்பது வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஹெல்மெட் வடிவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தருவார்கள், அது இன்னும் வீட்டில் பேனா போட்டு வைக்கும் கிண்ணமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உறுத்தல் தாளாமல் லேப்டாப்பைத் திறந்தேன். எக்ஸெல்லில் 550 வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு ரேண்டம் எண், 0.25-க்குக் கீழே வந்தால் ஹிட், இல்லையென்றால் அவுட். அதாவது .250 ஆவரேஜ் அடிக்கும் ஒரு காசு. அதற்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது, மனசு கிடையாது, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டப்படுவது. எஃப்9-ஐத் தட்டினால் இன்னொரு சீசன். தட்டிக்கொண்டே போனேன். ஒரு சீசனில் அந்தக் காசு 23 முறை தொடர்ந்து காலியாகத் திரும்பியது. இன்னொன்றில் ஒரு வாரம் முழுக்க அடித்து நொறுக்கியது. பென்சிலில் கணக்குப் போட்டும் பார்த்தேன். .250 அடிப்பவர் ஒரு சீசனில் ஒரு முறையாவது தொடர்ந்து 20 தடவை ஹிட் இல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ஓர் அணியில் தினம் ஆடும் ஒன்பது பேரில் மூன்று பேருக்கு வருடா வருடம் இது நடக்கும், யார் மேலும் தப்பில்லாமல். அலையென்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு வெறும் காசு சுண்டல்தான்.

இதில் ஒரு பழைய சண்டையும் உண்டு. 1985-ல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்தில் 'கை சூடாக இருக்கிறது' என்பதெல்லாம் பிரமை என்று ஆய்வு வெளியிட்டார்கள். முப்பது வருடம் பாடப் புத்தகமெல்லாம் அதையே சொன்னது. பிறகு மில்லர், ஸன்ஹுர்ஹோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், அந்த ஆய்வு எண்ணிய விதத்திலேயே நுட்பமான ஒரு பிசகு இருக்கிறது, அதைத் திருத்தினால் சூடு தெரிகிறது என்று 2018-ல் காட்டினார்கள். ஆக, சூடு உண்டுதான். ஆனால் ரசிகன் கற்பனை செய்யும் அளவுக்கு இல்லை. நான் அன்று இரவு சந்தோஷமாக, 'பாருங்கள், அலையாக அடிப்பவர் என்ற ஜாதியே கிட்டத்தட்ட கிடையாது, எல்லாம் காசுதான்' என்று அந்த எக்ஸெல் ஷீட்டை அண்ணனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம். "நல்லா இருக்கு தம்பி. ஒரே ஒரு சந்தேகம். எஃப்9 அடிச்சா ஒவ்வொரு வருஷமும் .250-லயேதான ஆரம்பிக்குது?"

"ஆமாண்ணே."

"காசுக்கு வயசாகாது தம்பி. இவருக்கு ஆகும்ல?"

நான் பேசவில்லை. அவர் தொடர்ந்தார்: "நீ பள்ளத்தையே பாத்துட்டு இருக்க. மேட்டைப் பாரு. 53, அப்புறம் 47, அப்புறம் 38, அப்புறம் 26. இந்த வருஷம் எவ்வளவு வரும்?" அந்த வருடம் 16-ல் முடிந்தது.

அந்தப் போனை வைத்துவிட்டு காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணோடு வேலை செய்பவன் நான், பாலத்தோடு வேலை செய்பவர் அவர். எண்ணைப் பார்த்தவர் அவர்தான். இரண்டு வருடமாக எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் கணக்குத் தெரியாதது இல்லை. 'அலையாக அடிப்பவர்' என்ற பெயரே காரணம். நிதானமாக அடிக்கும் ஒருவர் மூன்று வாரம் தடுமாறினால் ஊர் பதறும். கண்ணைப் பரிசோதிப்பார்கள், காயமா என்று கேட்பார்கள், மட்டை பிடிக்கும் விதத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். அலையாக அடிப்பவர் மூன்று மாதம் தடுமாறினாலும், 'அவர் அப்படித்தான், வருவார்' என்பார்கள். தேய்மானம் வறட்சியின் வேஷத்தில் வருகிறது. முதுமையின் முதல் வருடமும் வழக்கமான கெட்ட மாதமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். நீண்ட ஒப்பந்தம் இந்த மயக்கத்துக்கு இன்னொரு பூட்டு. அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு உட்கார வைக்க எந்த அணிக்கு மனசு வரும்? அதனால் எல்லோருக்குமே அது வறட்சியாக இருந்தால்தான் வசதி.

வேப்பம்பூவும் ஒரு சிங்கிளும்

வறட்சி இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது 2019 ஏப்ரலில். 2018 சீசனைக் கடைசி 21 முறை ஹிட் இல்லாமல் முடித்தவர், புது சீசனிலும் அடிக்கவில்லை. பிட்சர் அல்லாதவர்களில் யூஜெனியோ வெலஸ் வைத்திருந்த 46 என்ற சாதனையைத் தாண்டினார். 50 ஆனது. 54 ஆனது. .168 அடிக்கும் காசை வைத்தே பார்த்தாலும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கி 54 முறை தொடர்ந்து காலியாவது ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒன்று. என் எக்ஸெல் ஷீட்டே என்னைக் கைவிட்டது. ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. உடம்பா, மனசா, இரண்டுமா? 2021 மே மாதம் இடது இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எப்போதிலிருந்து வலித்தது என்று யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 13, சனிக்கிழமை. மறுநாள் சித்திரை முதல் நாள் என்பதால் நான் இந்தியக் கடையில், மளிகை லிஸ்ட்டோடு, வேப்பம்பூ பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு நாள் விற்கும் சரக்கு, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. காதில் ரேடியோ வர்ணனை. ஃபென்வே பார்க், அதே ஃபென்வே. முதல் இன்னிங்ஸ், பேஸ் மூன்றும் நிரம்பியிருக்கிறது, வீசுபவர் ரிக் போர்செல்லோ. டேவிஸ் வருகிறார். நான் அப்பளக் கட்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டேன். பந்து வலது பக்கம் போய் விழுந்தது. சிங்கிள். இரண்டு ரன். முதல் பேஸில் நின்றுகொண்டு டேவிஸ், வாழ்க்கையில் முதல் ஹிட் அடித்த பையனைப் போல, அந்தப் பந்தைக் கேட்டு வாங்கினார். பெஞ்சில் மொத்த அணியும் குதித்ததாம். நான் கடையில் சத்தமாக ஏதோ சொல்லியிருக்கிறேன், பக்கத்தில் பருப்பு எடுத்துக்கொண்டிருந்த பாட்டி, "என்னப்பா, ஊர்ல ஏதும் நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன். அன்று அவர் 5 முறையில் 3 ஹிட், நான்கு ரன் சேர்த்தார், ஓரியோல்ஸ் 9-5 என்று ஜெயித்தது.

அந்தத் தொடரின்போது போஸ்டன் அணியின் ரசிகனான ஒரு சிறுவன் டேவிஸுக்குக் கடிதம் கொடுத்தது பிறகு செய்தியானது. நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதற்கும் எவ்வளவு நல்ல மனிதர் என்பதற்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் எழுதியிருந்தான். வாயருகே கை குவித்துக் கூவிய எனக்கு அதைப் படித்தபோது காது சுட்டது. அந்த வருடக் கடைசியில் டேவிஸும் மனைவியும் மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 3 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். பிறகு அவர் அதிகம் ஆடவில்லை. 2019-ல் .179, 2020-ல் 16 ஆட்டம், 2021 ஆகஸ்ட்டில் ஓய்வு.

அப்படியானால் கூடவே கூடாதா?

இதோடு முடித்திருந்தால் வழக்கு எளிது. ஆனால் இந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியாவில் கைல் ஷ்வார்பர் இருக்கிறாரே. 2021 ஜூனில் வாஷிங்டனுக்கு ஆடியபோது 18 ஆட்டத்தில் 16 ஹோம் ரன் அடித்தவர். அலையென்றால் அதுதான் அலை. உடனே தொடைத்தசை பிடித்து வெளியேறியும் விட்டார். அவரை ஃபில்லீஸ் 2022-ல் 4 ஆண்டுக்கு 79 மில்லியனுக்கு எடுத்தது. டேவிஸ் காயம் ஆறாத நான் அண்ணனிடம், "இன்னொரு 2037" என்றேன். நான்கு வருடத்தில் அவர் அடித்தது 46, 47, 38, 56. மொத்தம் 187. 2023-ல் ஆவரேஜ் .197, ஸ்ட்ரைக் அவுட் 215, கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதே வருடம் 126 வாக். மட்டை வேலை செய்யாத வாரத்திலும் கண் வேலை செய்தது. அடிக்க முடியாத நாளில் நான்கு கெட்ட பந்தை விட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார். 2025 டிசம்பரில் 5 ஆண்டு, 150 மில்லியன் என்று மறுபடி கையெழுத்து.

டேவிஸுக்கும் இந்தக் கண் ஒரு காலத்தில் இருந்தது. 2016-ல் 88 வாக். 2018-ல் 41. அதாவது அவருடைய பள்ளமும் ஆழமாகிக்கொண்டே வந்திருக்கிறது, நாங்கள் ஹோம் ரன்னை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், சூடாக இருக்கும் மாதத்து வீடியோவை எனக்குக் காட்டாதீர்கள், மிக மோசமான ஆறு வாரத்தைக் காட்டுங்கள் என்பேன். அந்த ஆறு வாரத்தில் பேஸுக்குப் போனாரா? கெட்ட பந்தை விட்டாரா? போன வருடத்து மோசமான ஆறு வாரத்தைவிட இது மோசமா? சூட்டுக்கு யார் வேண்டுமானாலும் காசு கொடுப்பார்கள், எல்லா அணிக்கும் அது தெரியும், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஏழு வருடம் நம்மோடு குடித்தனம் நடத்தப் போவது குளிர். அதோடு, ஏழு வருடத்தை நான்காக்குங்கள். நான்கு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசினால் குடி முழுகாது, ஃபில்லீஸ் அதைத்தான் செய்தது. இரண்டாவது ஒப்பந்தம் முடியும்போது ஷ்வார்பருக்கு 37 வயது. அதன் கடைசி இரண்டு வருடத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அலோன்ஸோ? வயது 31. 2023-ல் 46 ஹோம் ரன்னும் .217-ம் அடித்த மனிதர், அலைக்காரர்தான். 2024 அக்டோபரில் மில்வாக்கியில், அப்போது அவர் ஆடிய மெட்ஸ் அணியின் சீசனே முடியப்போகும் ஒன்பதாவது இன்னிங்ஸில், டெவின் வில்லியம்ஸ் பந்தை வலது பக்க வேலிக்கு மேல் தூக்கி அனுப்பியவர். அதற்காகவே அவரைப் பிடிக்கும். அந்தப் பிடித்தலை நான் இனி கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், சேராமல் இருக்குமா தெரியாது. 2024, 2025 இரண்டு வருடமும் 162 ஆட்டமும் ஆடியிருக்கிறார். 2025-ல் .272, 38 ஹோம் ரன். மேடு இன்னும் இறங்கவில்லை. 5 வருடம் என்பது 7 இல்லை. இதையெல்லாம் நீளமாக டைப் செய்து, அழித்துவிட்டு, அண்ணனுக்கு "மேட்டைப் பாத்துட்டேன்ணே, பரவால்ல" என்று மட்டும் அனுப்பினேன். ஒரு பாலம் எமோஜி வந்தது.

இரவு சாப்பாட்டின்போது மகளிடம் சொன்னேன், கேம்டன் யார்ட்ஸுக்குப் புது முதல் பேஸ்காரர் வருகிறார், இந்த வருடம் ஒரு ஆட்டம் போகலாம் என்று. அவளுக்கு இப்போது 16. போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை வருஷம்ப்பா?" என்றாள்.

"அஞ்சு."

"அப்ப முடியறப்ப எனக்கு 21." கொஞ்சம் யோசித்தாள். "பழைய அவருக்கு இன்னும் காசு போகுதா?"

"போகுது. 2037 வரைக்கும்."

"அப்ப எனக்கு 28," என்றாள். பிறகு தலையைத் தூக்கி, "நான் வரேன், ஆனா நீ கூவக் கூடாது," என்றாள்.